குதிரையும் வண்டியும் ஒன்றையொன்று சமமாக இழுத்தால் வண்டி எப்படி நகர்கிறது?

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன். குதிரை வண்டியை முன்னால் இழுக்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி வண்டியும் அதே அளவு விசையோடு குதிரையைப் பின்னால் இழுக்கிறது. அளவு சமம், திசை எதிர், கூட்டினால் சுழியம். அப்படியானால் வண்டி ஓர் அங்குலம்கூட நகரக் கூடாது, ஆனால் நகர்கிறதே என்கிறீர்கள். மேசைமேல் வைத்த புத்தகம் அசையாமல் இருப்பதற்கும் இதே விதியைத்தான் காரணமாகச் சொல்லிக் கொடுத்தார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஒரே விதி ஒன்றை நகர்த்தவும் இன்னொன்றை நிறுத்தி வைக்கவும் எப்படி முடியும் என்பதுதான் உங்கள் குழப்பம். போகிற போக்கில் இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: சுவரைத் தள்ளினால் சுவரும் திருப்பித் தள்ளுகிறதாமே, எவ்வளவு தள்ள வேண்டும் என்று சுவருக்கு எப்படித் தெரியும்? மூன்றிலும் ஆழமான கேள்வி இந்தக் கடைசிக் கேள்விதான். அதற்கு வருமுன் முதல் இரண்டையும் தீர்த்துவிடுவோம்.

பல ஆண்டுகள் இயற்பியல் நடத்தியவன் நான். விதியை மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறவர்களுக்கு இந்தச் சந்தேகம் வருவதே இல்லை. விதியை உண்மையென்று எடுத்துக்கொண்டு அதன்படி கணக்குப் போட்டுப் பார்க்கிறவர்களுக்குத்தான் வரும். உங்கள் கூட்டலில் பிழை இல்லை. கூட்டக் கூடாத இரண்டைக் கூட்டிவிட்டீர்கள், அவ்வளவுதான்.

விசை என்பது ஒரு பொருள் தனக்குள் வைத்திருக்கும் சொத்து அல்ல. அது இரண்டு பொருள்களுக்கு நடுவே நடக்கும் ஒன்று. 'குதிரையின் விசை' என்று சொன்னால் பாதி வாக்கியம்தான் ஆயிற்று. 'குதிரை, வண்டியின்மீது செலுத்தும் விசை' என்று இரண்டு பெயர்களையும் சொன்னால்தான் முழுமை. மூன்றாம் விதி சொல்வது இதுதான்: அந்த வாக்கியத்தில் இரண்டு பெயர்களையும் இடம் மாற்றிப் போடுங்கள், 'வண்டி, குதிரையின்மீது செலுத்தும் விசை' என்று வரும். அந்த விசையும் கட்டாயம் உண்டு, அளவு அதே, திசை நேரெதிர். மூன்றாம் விதி இதற்குமேல் எதுவும் சொல்வதில்லை. எது நகரும், எது நிற்கும் என்பதைப் பற்றி அது வாயே திறப்பதில்லை. அதைத் தீர்மானிப்பது இரண்டாம் விதி. அதுவோ ஒரு பொருளின்மீது வந்து விழும் விசைகளை மட்டும் கூட்டி, அந்தத் தொகையை அதன் நிறையால் வகுக்கச் சொல்கிறது. வருவதுதான் முடுக்கம். ஜோடியில் ஒன்று வண்டியின்மீது விழுகிறது, மற்றது குதிரையின்மீது விழுகிறது. இவை ஒருபோதும் ஒரே கணக்கில் சேர்வதில்லை. என் கணக்கிலிருந்து ஒரு தொகை உங்கள் கணக்குக்குப் போகிறது என்று வையுங்கள். எனக்குக் குறைந்ததும் உங்களுக்குக் கூடியதும் ஒரே தொகைதான். அதற்காக இருவர் கையிருப்பும் மாறவே இல்லை என்று யாரும் சொல்ல மாட்டோம். மாறாதது இருவரின் கையிருப்பையும் சேர்த்த மொத்தம் மட்டுமே. இயற்பியலில் அந்தத் தொகைக்கு உந்தம் என்று பெயர், அதாவது நிறையைத் திசைவேகத்தால் பெருக்கி வருவது.

இப்போது குதிரைக்கு வருவோம். 500 கிலோ குதிரை, 300 கிலோ வண்டி. புறப்படும் நேரத்தில் குதிரை தன் குளம்புகளால் தரையைப் பின்னோக்கித் தள்ளுகிறது, தரை குதிரையை முன்னோக்கித் தள்ளுகிறது. இந்தத் தள்ளல் 500 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். வண்டிச் சக்கரங்களில் இருக்கும் தடை 100 நியூட்டன். இரண்டையும் சேர்த்து ஒரே பொருளாகப் பார்த்தால் நிறை 800 கிலோ, வெளியிலிருந்து வரும் நிகர விசை 400 நியூட்டன், ஆகவே முடுக்கம் வினாடிக்கு வினாடி அரை மீட்டர். இனி வண்டியைத் தனியாக எடுங்கள். 300 கிலோவுக்கு அந்த முடுக்கம் கிடைக்க நிகரமாக 150 நியூட்டன் வேண்டும், சக்கரத் தடைக்கு 100 வேண்டும், ஆக குதிரை வண்டியை 250 நியூட்டன் விசையோடு இழுக்கிறது. அடுத்து குதிரை. தரை அதை 500 நியூட்டன் முன்னே தள்ளுகிறது, வண்டி அதை 250 நியூட்டன் பின்னே இழுக்கிறது, மிச்சம் 250. அந்த மிச்சத்தை 500 கிலோவால் வகுத்தால் அதே அரை மீட்டர் வருகிறது. இங்கே கவனியுங்கள்: குதிரை வண்டியை இழுப்பதும் 250, வண்டி குதிரையை இழுப்பதும் 250. விதி துளியும் மீறப்படவில்லை, ஆனாலும் இரண்டும் முன்னால் போகின்றன. கணக்கில் நீங்கள் விட்டுவிட்டது தரையைத்தான்.

வண்டி வேகமெடுத்துச் சீராக ஓடத் தொடங்கியதும் என்ன ஆகும்? முடுக்கம் சுழியம். குதிரை வண்டியை 100 நியூட்டன் இழுத்தால் போதும், வண்டியும் குதிரையை 100 நியூட்டன்தான் இழுக்கும், தரையும் குதிரையை அதே 100 நியூட்டன் தள்ளினால் போதும். காற்றுத் தடையை இங்கே விட்டுவிட்டேன். புறப்படும்போது 250, ஓடும்போது 100 என்று அளவு மாறினாலும் ஜோடிக்குள் சமம் என்பது எந்தக் கணத்திலும் மாறவில்லை. வழுவழுப்பான பனிக்கட்டித் தரையில் இதே குதிரையை நிறுத்துங்கள். அதன் கால்கள் வழுக்கும், தரை தள்ளாது, எவ்வளவு பலசாலிக் குதிரையானாலும் வண்டி நகராது. கயிறு இழுக்கும் போட்டியும் இப்படித்தான். இரு அணிகளும் கயிற்றை ஏறக்குறைய ஒரே அளவு விசையோடுதான் இழுக்கின்றன, ஏனென்றால் எடை குறைவான கயிற்றில் இரு முனையிலும் இழுவிசை ஒன்றேதான். ஜெயிப்பது காலால் தரையை அதிகம் தள்ளும் அணி. இரு அணிகளையும் சக்கரப் பலகைமேல் நிறுத்திப் பாருங்கள், வெற்றி தோல்வியே இருக்காது, இருவரும் நடுவை நோக்கி வந்து சேர்வார்கள். எடை குறைந்த அணி அதிக தூரம் வரும்.

அடுத்து புத்தகம். இங்கே உங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததிலேயே கோளாறு இருக்கிறது. புத்தகத்தின் எடை கீழ்நோக்கி, மேசை தாங்கும் விசை மேல்நோக்கி, இரண்டும் சமம், ஆகவே இவை விசையும் எதிர்விசையும் என்று சொல்வது மிகப் பரவலான தவறு. பெயர்ச் சோதனையை வைத்துப் பாருங்கள். எடை என்றால் 'பூமி, புத்தகத்தின்மீது செலுத்தும் விசை'. பெயர்களை மாற்றினால் 'புத்தகம், பூமியின்மீது செலுத்தும் விசை'. அதில் மேசைக்கு இடமே இல்லை! புத்தகம் பூமியை மேல்நோக்கி இழுக்கிறது, அதுதான் எடையின் எதிர்விசை. மேசை புத்தகத்தைத் தாங்கும் விசைக்கு ஜோடி, புத்தகம் மேசையை அழுத்தும் விசை. ஆக இரண்டு ஜோடிகள், நான்கு விசைகள். அவற்றில் இரண்டு மட்டும் புத்தகத்தின்மீது விழுகின்றன. அந்த இரண்டும் சமமாக இருப்பது மூன்றாம் விதியால் அல்ல, புத்தகம் முடுக்கமின்றி இருப்பதால். அதாவது இரண்டாம் விதியால்.

இது வெறும் பெயர் விவகாரம் இல்லை என்பதற்கு லிஃப்ட் நல்ல சாட்சி. 60 கிலோ எடையுள்ள ஒருவர் லிஃப்டில் நிற்கிறார், லிஃப்ட் மேல்நோக்கி வினாடிக்கு வினாடி 1 மீட்டர் முடுக்கத்தோடு கிளம்புகிறது. பூமி அவரை இழுப்பது 588 நியூட்டன், அதில் மாற்றமில்லை. லிஃப்டின் தரை அவரைத் தாங்குவது 648 நியூட்டன். இரண்டும் சமமில்லை, சமமாக இருந்தால் அவர் முடுக்கம் பெறவே மாட்டார். ஆனால் அவர் பாதம் தரையை அழுத்துவது எவ்வளவு என்று பார்த்தால் அதே 648. காலுக்கடியில் எடை பார்க்கும் இயந்திரம் இருந்தால் அதில் 66 கிலோ என்று காட்டும். எடையும் தாங்கு விசையும் பிரிந்துபோயின, உண்மையான ஜோடிகள் பிரியவில்லை. ஒன்று இன்னொன்றின் எதிர்விசையா என்று சந்தேகம் வரும்போதெல்லாம் பொருளை முடுக்கிப் பாருங்கள். சமம் உடைந்தால் அது ஜோடி இல்லை. இன்னொரு அடையாளமும் உண்டு: ஜோடியில் இரண்டும் ஒரே வகை விசையாக இருக்கும். ஈர்ப்புக்கு ஈர்ப்புதான் ஜோடி, உராய்வுக்கு உராய்வுதான்.

சரி, சுவர். எவ்வளவு தள்ள வேண்டும் என்று சுவருக்கு எப்படித் தெரிகிறது? சுவருக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை, அது நசுங்கினால் போதும். உள்ளங்கையைச் சுவரில் வைத்து அழுத்தும்போது கையின் சதை தட்டையாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சுவரும் நசுங்குகிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவில். திடப்பொருளின் அணுக்கள் தமக்குள் ஒரு குறிப்பிட்ட இடைவெளியை வைத்திருக்கின்றன. அந்த இடைவெளியைக் குறைத்தால் விலக்கு விசை கிடுகிடுவென்று கூடும். நீங்கள் கொஞ்சம் அழுத்தினால் கொஞ்சம் நசுங்கும், கொஞ்சம் திருப்பித் தள்ளும். அதிகம் அழுத்தினால் அதிகம். மெத்தையில் உட்கார்ந்தால் அது அமுங்கி, அமுங்கி, ஓரிடத்தில் நம்மைத் தாங்கி நிற்பதும் இதே கதைதான், அங்கே அமுங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. மேசையும் அமுங்குகிறதா என்று சந்தேகமிருந்தால், மேசைமேல் ஒரு சிறு கண்ணாடியைப் படுக்க வைத்து, லேசர் சுட்டியின் ஒளியை அதில் சாய்வாக விழச் செய்து, தெறித்துப் போகும் புள்ளி தூரத்துச் சுவரில் விழும்படி அமையுங்கள். லேசரை மேசையைத் தொடாத ஏதாவதொன்றில் பொருத்துவது முக்கியம். பிறகு கண்ணாடிக்குப் பக்கத்தில் மேசையைக் கையால் அழுத்தினால் சுவரில் புள்ளி இடம் மாறும். கனமான மரமேசை விரல் அழுத்தத்துக்கு வளைந்து கொடுப்பதை முதல்முறை பார்க்கும்போது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை.

இதிலிருந்து ஒரு விஷயம் கிடைக்கிறது, பலர் இதைக் கவனிப்பதில்லை. 'நான் தள்ளுகிறேன், பிறகு சுவர் பதிலுக்குத் தள்ளுகிறது' என்று முன்னும் பின்னுமாக எதுவும் நடப்பதில்லை. கையும் சுவரும் தொடும் இடத்தில் ஒரே ஒரு நசுங்கல் நடக்கிறது. அது ஒரு பக்கம் கையைத் தள்ளுகிறது, மறுபக்கம் சுவரைத் தள்ளுகிறது. எதை விசை என்பது, எதை எதிர்விசை என்பது என்பதெல்லாம் நம் வசதி, மாற்றிச் சொன்னாலும் தவறில்லை. ஆகவே எதிரே இருப்பது திருப்பித் தள்ளாவிட்டால் நம்மாலும் தள்ள முடியாது. நூலில் தொங்கும் ஒரு காகிதத்தை எவ்வளவு ஆவேசமாகக் குத்தினாலும் பெரிய விசையைச் செலுத்த முடியாது. காகிதத்தின் நிறை மிகக் குறைவு, அது விலகிப்போய்விடும், அதனால் பெரிய விசையைத் திருப்பித் தர முடியாது. அது தராத விசையை நம் கையும் அதற்குத் தர முடியாது. மெல்லிய கண்ணாடித் தகட்டைக் குத்தினால் உடைகிறதே, அங்கே கண்ணாடி தோற்றுவிட்டது, கை ஜெயித்தது என்று தோன்றும். உடையும் கணம்வரை இரு பக்கமும் விசை சமமாகத்தான் இருந்தது. அதற்குமேல் கண்ணாடியால் தாங்க முடியவில்லை, அதற்குமேல் கையாலும் தள்ள முடியவில்லை.

இங்கேதான் அடுத்த தடுமாற்றம் தொடங்கும், நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். விசை சமம் என்றால் விளைவும் சமமாக இருக்க வேண்டும் என்று மனம் எதிர்பார்க்கிறது. அப்படி இல்லை. 10 டன் லாரியும் 1 டன் காரும் நேருக்கு நேர் மோதினால் லாரி காரின்மீது செலுத்தும் விசையும் கார் லாரியின்மீது செலுத்தும் விசையும் ஒவ்வொரு கணத்திலும் சமம். காரின் நிறை பத்தில் ஒரு பங்கு என்பதால் லாரியின் வேகம் எவ்வளவு மாறுகிறதோ அதைப்போல் பத்து மடங்கு காரின் வேகம் மாறுகிறது. உள்ளே இருப்பவர்களைப் பாதிப்பது அந்த வேக மாற்றம்தான். ஒரு கிலோ கல்லை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் அரை வினாடிக்குள் தரையில் விழுகிறது. அந்த நேரத்தில் பூமியும் அதே 9.8 நியூட்டன் விசையால் கல்லை நோக்கி இழுக்கப்படுகிறது. பூமியின் நிறை சுமார் 6-க்குப் பின் 24 சுழியங்கள் போட்ட கிலோ. அது மேலே வரும் தூரம் ஒரு புரோட்டானின் குறுக்களவில் ஏறக்குறைய ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. ஆனால் கல்லுக்குப் பதில் நிலவை வைத்தால் இதுவே பெரிதாகிவிடும். நிலவின் நிறை பூமியின் நிறையில் 81-இல் ஒரு பங்கு. பூமியும் நிலவும் சேர்ந்து சுற்றும் பொது மையம், பூமியின் நடுவிலிருந்து சுமார் 4,670 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர் என்பதால் அந்தப் புள்ளி பூமிக்குள்ளேயே விழுகிறது, ஆனால் நட்ட நடுவில் இல்லை. நிலவு மட்டும் நம்மைச் சுற்றுகிறது என்பது முழு உண்மையில்லை. நாமும் மாதம் ஒருமுறை அந்தப் புள்ளியைச் சுற்றி வருகிறோம்.

பலர் கேட்கும் துப்பாக்கிக் கேள்வியும் இந்த வகையைச் சேர்ந்தது. குண்டின்மீதும் துப்பாக்கியின்மீதும் சம விசை என்றால் சுடுகிறவருக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? 10 கிராம் குண்டு வினாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் போனால், 4 கிலோ துப்பாக்கி வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பின்னால் வரும் (வெடிமருந்துப் புகையின் பங்கை இங்கே சேர்க்கவில்லை, சேர்த்தால் உதைப்பு இன்னும் கொஞ்சம் கூடும்). உந்தம் இருபக்கமும் சமம். ஆனால் ஆற்றலைக் கணக்கிட்டால் குண்டிடம் 3,200 ஜூல், துப்பாக்கியிடம் வெறும் 8 ஜூல். காரணம் இதுதான்: விசை சமம், அது செயல்பட்ட நேரமும் சமம், ஆனால் கடந்த தூரம் சமமில்லை. குண்டு குழலுக்குள் 60 சென்டிமீட்டர் ஓடும் நேரத்தில் துப்பாக்கி ஒன்றரை மில்லிமீட்டர்தான் பின்னால் வருகிறது. விசையைத் தூரத்தால் பெருக்கினால்தான் ஆற்றல். மூன்றாம் விதி விசைக்கு மட்டுமே சமத்துவம் தருகிறது. வேகத்துக்கோ ஆற்றலுக்கோ காயத்துக்கோ அது எந்த உறுதியும் தருவதில்லை.

இதெல்லாம் எவ்வளவு உறுதியானது என்று கேட்டால், நியூட்டன் இதைச் சும்மா அறிவித்துவிட்டுப் போகவில்லை. 1687-இல் வந்த பிரின்சிபியா நூலில், உங்கள் குதிரைக் கேள்விக்கு மிக அருகில் ஓர் எடுத்துக்காட்டை அவரே தருகிறார்: குதிரை ஒரு கல்லைக் கயிறு கட்டி இழுத்தால் குதிரையும் கல்லை நோக்கிச் சமமாக இழுக்கப்படுகிறது. மோதல்களை அவர் பத்தடி ஊசல்களில் பந்துகளைக் கட்டி மோதவிட்டுச் சோதித்தார். இறுகச் சுற்றிய கம்பளி, எஃகு, கார்க், கண்ணாடி என்று பலவகைப் பந்துகள். காற்றுத் தடையால் வரும் பிழையையும் கழித்துப் பார்த்தார். எட்டி நின்று இழுக்கும் விசைகளுக்கு அவர் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு காந்தத்தையும் ஓர் இரும்புத் துண்டையும் தனித்தனிக் கலங்களில் வைத்து அசையாத நீரில் மிதக்கவிட்டார். இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி ஒட்டிக்கொண்டு, அப்படியே நின்றுவிட்டன. காந்தம் இரும்பை இழுப்பது அதிகமாகவும் இரும்பு காந்தத்தை இழுப்பது குறைவாகவும் இருந்திருந்தால், ஒட்டிக்கொண்ட ஜோடி தானாகவே ஒரு திசையில் வேகமெடுத்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. பூமிக்கும் இதே வாதத்தை வைத்தார்: பூமியைச் சமமில்லாத இரண்டு பகுதிகளாகக் கற்பனையில் வெட்டினால், அந்தப் பகுதிகள் ஒன்றையொன்று இழுக்கும் விசைகள் சமமாகத்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூமி தன்னைத்தானே தள்ளிக்கொண்டு முடிவில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

இனி, எங்கே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது. ராக்கெட், காற்றைத் தள்ளித்தான் மேலே போகிறது என்ற எண்ணம் இன்றும் இருக்கிறது. 1920 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் தலையங்கமே, வெற்றிடத்தில் ராக்கெட் எதைத் தள்ளும் என்ற தொனியில் ராக்கெட் ஆய்வாளர் ராபர்ட் கோடார்டைக் கேலி செய்தது. அப்போலோ 11 நிலவுக்குக் கிளம்பிய மறுநாள், 1969 ஜூலை 17 அன்று, அந்தத் தவறுக்கு வருத்தம் தெரிவித்தது. ராக்கெட் தள்ளுவது தன் வாயுவை, வாயு தள்ளுவது ராக்கெட்டை. காற்று அதற்கு உதவியில்லை, இடைஞ்சல். விமான இறக்கையில் உறுதியானது என்னவென்றால், இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது, காற்று இறக்கையை மேல்நோக்கித் தள்ளுகிறது. இறக்கைக்கு மேலும் கீழும் இருக்கும் அழுத்த வேறுபாட்டால் என்று சொல்வதும் சரிதான். அது வேறு காரணம் இல்லை, இதே விசையை இன்னொரு பக்கத்திலிருந்து பார்ப்பது. தவறு எதுவென்றால், மேலே போகும் காற்றும் கீழே போகும் காற்றும் பின்முனையில் ஒரே நேரத்தில் சந்தித்தாக வேண்டும் என்று சொல்லும் விளக்கம். உண்மையில் மேலே போகும் காற்று முன்னதாகவே வந்துவிடுகிறது. படகில் விசிறியை வைத்துத் தன் பாய்மேலேயே ஊதினால் படகு நகராது என்று பல புத்தகங்களில் இருக்கும். பாய் காற்றை வெறுமனே நிறுத்தினால் அது சரி. பாய் குழிவாக இருந்து காற்றைப் பின்னோக்கித் திருப்பிவிட்டால் படகு முன்னால் நகரும். எது நடக்கும் என்பதைக் கடைசியில் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

விதிக்கே எல்லைகளும் உண்டு. பேருந்து சட்டென்று நிற்கும்போது உங்களை முன்னால் தள்ளுவதாகத் தோன்றுகிறதே, அந்த 'விசை'யில் பெயர்ச் சோதனை செய்து பாருங்கள். யார் தள்ளியது? யாருமில்லை. உடல் தன் வேகத்தில் போக, பேருந்துதான் மெதுவாகிறது. வளைவில் வெளியே தள்ளுவதுபோல் தோன்றும் விசையும் அப்படியே. ஜோடி இல்லாத விசை என்றால், நாம் முடுக்கத்தில் இருக்கும் ஓரிடத்தில் நின்று பார்க்கிறோம் என்று பொருள். இன்னொரு எல்லை இதைவிட ஆழமானது. நகரும் இரண்டு மின்னூட்டங்கள் ஒன்றன்மீது ஒன்று செலுத்தும் விசைகள் சில நிலைகளில் சமமும் எதிருமாக இருப்பதில்லை. அங்கே மின்காந்தப் புலமும் உந்தத்தைச் சுமக்கிறது, அதையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் மொத்தம் மாறாமல் இருக்கும். புலம் உந்தம் சுமக்கிறது என்பது வெறும் கணக்கு வசதி இல்லை. ஒளி என்பதே மின்காந்தப் புலத்தின் அலைதான். பூமியின் தொலைவில் சூரிய ஒளி, நன்றாகப் பிரதிபலிக்கும் ஒரு சதுர மீட்டர் தகட்டை சுமார் 9 மைக்ரோநியூட்டன் விசையோடு தள்ளுகிறது. 2010-இல் ஜப்பான் அனுப்பிய இக்காரோஸ் விண்கலம் அந்தத் தள்ளலிலேயே பயணத்தை நிகழ்த்திக் காட்டியது. ஆகவே இன்றைய இயற்பியலில் அடிப்படையாக நிற்பது உந்த மாறாமைதான். 1918-இல் கணிதவியலாளர் எம்மி நோதர் வெளியிட்ட தேற்றம் அதையும் இன்னும் அடியில் கொண்டுபோய் வைத்தது: இயற்கை விதிகள் இடத்துக்கு இடம் மாறாமல் இருப்பதால்தான் உந்தம் மாறாமல் இருக்கிறது. நாம் அன்றாடம் தொட்டு, தள்ளி, இழுக்கும் எல்லாவற்றுக்கும் நியூட்டன் சொன்ன வடிவமே போதும்.

படித்ததோடு விடாமல் கையால் செய்து பார்க்க ஒன்று சொல்கிறேன். சமையலறையில் வைக்கும் மின்னணு எடைத் தராசின்மேல் முக்கால்வாசி நீர் ஊற்றிய குவளையை வைத்து, அளவைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். விரலை நீருக்குள் விடுங்கள், பக்கத்தையோ அடியையோ தொடக் கூடாது. எதையும் தொடாமலேயே எண் ஏறும்! நீர் விரலை மேல்நோக்கித் தள்ளுகிறது, விரல் நீரைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது, தராசு காட்டுவது அந்த இரண்டாவதை. மூழ்கிய பகுதி 10 கன சென்டிமீட்டர் என்றால் 10 கிராம் காட்டும். அடுத்து ஒரு சிறு கல்லை நூலில் கட்டி முழுதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். கல்லின் எடை 50 கிராம், கன அளவு 20 கன சென்டிமீட்டர் என்றால் தராசு 20 காட்டும், மீதி 30-ஐ உங்கள் கை தாங்கும். இப்போது நூலை விட்டுவிட்டால் என்ன காட்டும் என்று, விடுவதற்கு முன்பே யோசித்து எழுதி வையுங்கள். கல் அடியில் போய் உட்கார்ந்தபின் 50 என்பது எளிது. விட்டதும் வேகமெடுத்து இறங்கும் அந்தக் குறுகிய நேரத்தில் 20-க்கு மேலும் 50-க்குக் கீழும் இருக்கும். குவளைக்குப் பதில் மிக ஆழமான ஜாடியாக இருந்து, கல் சீரான வேகத்தில் இறங்கும் நிலையை எட்டிவிட்டால், அடியைத் தொடுவதற்கு முன்பே தராசு முழு 50-ஐக் காட்டும். கல் முடுக்கமின்றி இறங்குகிறதென்றால் நீர் அதை 50 கிராம் எடைக்குச் சமமான விசையோடு மேலே தள்ளுகிறது, கல்லும் நீரைக் கீழே அதே அளவு தள்ளுகிறது.